டெட்ராய்ட் பள்ளிகள் ஏன் பின்தங்கின? வாத்தியார்கள் காரணமா?

அமெரிக்கா மாதிரிப் பணக்கார நாட்டில் டெட்ராய்ட் பிள்ளைகள் மட்டும் ஏன் படிப்பில் இவ்வளவு பின்தங்கியிருக்கிறார்கள், ஆசிரியர்கள் சரியில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது டெட்ராய்ட்டை ஒட்டிய புறநகரில். நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் வாசிப்புச் சொல்லிக்கொடுக்கப் போய்வருகிறேன். தயவுசெய்து வாத்தியார்கள் மேல் பழி போடாதீர்கள், பணம் எந்த வழியாக வருகிறது என்று பாருங்கள்.

டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகன் மாநிலத்தில் 1994-க்குப் பிறகு பள்ளியை நடத்த மாநில அரசுதான் ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று கொடுக்கிறது. பிள்ளை சார்ட்டர் பள்ளிக்கோ (அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் பள்ளி) பக்கத்து ஊருக்கோ மாறினால் அந்தப் பணமும் கூடவே போய்விடும், ஆனால் வகுப்பில் நாலு பேர் குறைந்தார்கள் என்று வாத்தியார் சம்பளமோ பனிக்காலத்தில் கட்டடத்தைச் சூடாக்கும் செலவோ குறைந்துவிடுமா? டெட்ராய்ட் நகர அரசுப் பள்ளிகளில் ஒரு காலத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மாணவர்கள் இருந்தார்கள், இப்போது ஐம்பதாயிரம் பேர் இருந்தால் அதிகம்.

சரி, கட்டடங்கள்? அதற்கு உள்ளூர் சொத்து வரிதான். வீட்டு விலை உயர்ந்த எங்கள் ஊரில் அந்த வரியில் நீச்சல் குளமே கட்டுகிறார்கள், வீடுகள் விலை போகாத டெட்ராய்ட்டில் கூரை ஒழுகுகிறது. 2009 முதல் மாநிலம் நியமித்த அதிகாரிகள் கையில் நிர்வாகம் இருந்தும் கடன்தான் ஏறியது. 2016 ஜனவரியில் பூஞ்சை பிடித்த சுவர், எலித் தொல்லை எல்லாம் பொறுக்காமல் ஆசிரியர்கள் ஒரே நாளில் உடம்பு சரியில்லை என்று விடுப்புப் போட்டதில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகள் மூடிக்கிடந்தன. வேலைநிறுத்தம் அங்கே சட்டவிரோதம், அவர்களுக்கு வேறு வழியில்லை. அந்த வருடம்தான் மாநிலம் 617 மில்லியன் டாலர் கொடுத்துப் பழைய கடனைப் புதிய பள்ளி நிர்வாகத்தின் தலையில் விழாமல் தனியாகப் பிரித்தது.

என்னிடம் வரும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் முதல் எழுத்தைப் பார்ப்பான், அப்புறம் படத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்லிவிடுவான். பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாக விரல் வைக்கச் சொன்னால் சரியாக வாசிக்கிறான். முப்பது பேர் உள்ள வகுப்பில் ஒரு டீச்சர் இதை எப்படிச் செய்வார்? அதுவும் பாட்டியின் கார் பழுதானால் அவன் வாரக்கணக்கில் வரமாட்டான். பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராத பிள்ளைகள் அந்த ஊரில் பாதிக்கும் மேல்.

வாசிக்கக் கற்றுத்தரவில்லை என்று மாணவர்களே 2016-ல் மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2020-ல் சமரசம் ஆகி 94.4 மில்லியன் டாலர் ஒதுக்கும்படி சட்டமன்றத்திடம் கேட்பதாக ஆளுநர் ஒப்புக்கொண்டார். சட்டமன்றம் அதை ஒதுக்கியது 2023-ல். அதற்குப் பிறகு அந்தப் பணத்தில்தான் சின்னச் சின்னக் குழுவாக உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் போட்டார்கள். வழக்குப் போட்டபோது மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் அதற்குள் உயர்நிலைப் பள்ளிக்கே போய்விட்டார்கள்.