தையலே தெரியவில்லை, தாங்குமா?

கேள்வி: எனக்கு இரண்டு பிரசவமும் சிசேரியன். வயிறு மடிந்து தொங்குகிறது, நடுவில் தசையும் விலகியிருக்கிறது என்றார்கள். பெங்களூருவில் டம்மி டக் (தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டித் தைக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ள நாள் குறித்தாகிவிட்டது. "வெளியே தையல் இருக்காது, பசைதான்" என்கிறார் அங்கே டாக்டர். இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்பு வரை அறுத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டினால் தாங்குமா டாக்டரம்மா? சிசேரியனுக்குக் கிளிப் அடித்தார்களே, அது கெட்டி இல்லையா? (வாசகி, பாலக்கோடு)

பதில்: பசை தாங்காதுதான். ஆனால் தாங்குகிற வேலையை யாரும் அதனிடம் கொடுக்கப்போவதும் இல்லை. நீங்கள் பார்க்கப்போவது மேல்பூச்சு மட்டும், அதற்கு அடியில் மூன்று நான்கு அடுக்குத் தையல் இருக்கும். முதலில் விலகிய தசை இரண்டையும் நடுவில் இழுத்துச் சேர்ப்பார்கள், அதற்குக் கரையாத நூல் அல்லது மிக மெதுவாகக் கரையும் நூல். அப்புறம் தோலைக் கீழே இழுத்து, மிச்சத்தை வெட்டிவிட்டு, கொழுப்புக்கு நடுவே இருக்கும் ஒரு சவ்வைத் தைப்பார்கள். ஸ்கார்ப்பா என்ற இத்தாலிய உடற்கூறு நிபுணரின் பெயர்தான் அதற்கு. உண்மையில் இழுவையைத் தாங்குவது இந்தச் சவ்வுத் தையல்தான். அதற்கு மேலே தோலின் அடிப்பகுதியில் ஒரு வரிசை, தோலுக்குள்ளேயே ஓடும் ஒரு மெல்லிய ஓட்டுத்தையல், கடைசியாகப் பசை.

நூல் ஏன் இத்தனை முக்கியம் என்றால், அறுத்த இடத்துக்கு ஒரு வாரத்தில் பழைய பலத்தில் நூற்றுக்கு ஐந்துகூட வந்திருக்காது. மூன்று வாரத்தில் சுமார் 20, மூன்று மாதத்தில் 80 அளவு, அதற்கு மேல் ஏறுவதே இல்லை. அதுவரை பிடித்துக்கொண்டிருப்பது நூல். பாலிகிளாக்டின் என்ற சாதாரணக் கரையும் நூல் மூன்று நான்கு வாரத்தில் பலத்தை விட்டுவிடும், பாலிடயாக்ஸனோன் முழுக்கக் கரைய ஆறு மாதம் பிடிக்கும். அதனால் டாக்டரிடம் "மேலே என்ன போடுவீர்கள்" என்று கேட்பதை விட "உள்ளே எந்த நூல், எத்தனை அடுக்கு" என்று கேளுங்கள். சிரிக்காமல் பதில் சொல்கிறாரா என்றும் பாருங்கள்.

பசை சயனோஅக்ரிலேட். உடைந்த பொம்மையை ஒட்டும் பெவிக்விக்குக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் தோலுக்கென்றே தயாரித்தது (வீட்டில் இருப்பதை எடுத்துப் புண்ணில் வைத்துவிடாதீர்கள், நான் பார்த்திருக்கிறேன்). ஐந்து முதல் பத்து நாளில் தானே உரியும். பிய்க்கக் கூடாது, மேலே எண்ணெயோ களிம்போ தடவினால் இளகிவிடும். கிளிப் கெட்டிதான், வேகமாகவும் முடியும், ஆனால் நாள் தள்ளி எடுத்தால் இரண்டு பக்கமும் ரயில் தண்டவாளம் மாதிரி புள்ளி விழும். காசு கொடுத்து அழகுக்காகச் செய்கிற இடத்தில் அது எதற்கு?

இன்னொன்று, ஆபரேஷன் முடிந்ததும் அன்றே ஊருக்குக் கிளம்பாதீர்கள். சில நாள் பெங்களூருவிலேயே தங்கி, காரில் வரும்போது ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் இறங்கிக் கொஞ்சம் நடங்கள். காலில் ரத்தம் கட்டுவது தையல் பிரிவதை விட ஆபத்து.

கேள்வி: பர்கூரில் தையல் மிஷின் போட்டிருக்கிறேன். மேல்துணி நீளமாகவும் கீழ்த்துணி குட்டையாகவும் இருந்தால் முடிகிற இடத்தில் சுருக்கு விழும். வயிற்றிலும் அப்படித்தானே ஆகும்? (வாசகி, பர்கூர்)

பதில்: இப்படி ஒரு கேள்விக்காகத்தான் இந்தப் பகுதியே எழுதுகிறேன். அப்படியேதான் ஆகும்! தோலை வெட்டிய பிறகு மேல் விளிம்பு நீளம், கீழ் விளிம்பு குட்டை. நீங்கள் குண்டூசி குத்திப் பங்கிடுவீர்களே, அதேபோல இடுப்பு ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் தள்ளித் தள்ளிப் பங்கிட்டுத் தைப்பார்கள். அப்படியும் சிலருக்கு இரண்டு முனையிலும் சின்ன முடிச்சு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். பல சமயம் சில மாதத்தில் தானே அடங்கும், இல்லாவிட்டால் அந்த இடத்தை மட்டும் மரக்க வைத்துச் சரிசெய்யலாம்.

உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் ஒரு செய்தி: முடிச்சே போடாத நூல் ஒன்று இருக்கிறது. நூல் நெடுகச் சின்னச் சின்ன முள், நாயுருவி சேலையில் ஒட்டுகிற மாதிரி சதையைப் பிடித்துக்கொள்ளும், முன்னால் போகும், பின்னால் வராது. நேரம் மிச்சம், ஆனால் விலை அதிகம்.

கேள்வி: என் மனைவிக்கு இதே ஆபரேஷன் ஆகிப் பன்னிரண்டு நாள். நீர் வடிய வைத்த குழாயை எடுத்துவிட்டார்கள். திரும்பிப் படுத்தால் வயிற்றுக்குள் தண்ணீர் ஆடுகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். நடுவில் அரிசி அளவு தையல் பிரிந்திருக்கிறது. கத்தரிக்காயும் முட்டையும் கொடுத்ததால் வந்தது என்கிறார் என் அம்மா. (வாசகர், காவேரிப்பட்டணம்)

பதில்: முட்டை மேல் பழி வேண்டாம், அதை நிறுத்தினால்தான் கெடுதல். புண் ஆறப் புரதம் வேண்டும், முட்டை, பருப்பு, அவரைக்கொட்டைக் குழம்பு எல்லாம் கொடுங்கள். கத்தரிக்காய் பாவம், அதற்கும் சீழுக்கும் சம்பந்தமில்லை.

தண்ணீர் ஆடுவது நீர் கோத்திருப்பதாக இருக்கலாம். தோலுக்கும் தசைக்கும் நடுவே வெற்றிடம் இருந்தால் நீர் சேரும். அதற்குத்தான் குழாய், ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பது பொதுவான வழக்கம். 2000-ல் அமெரிக்காவின் பொல்லாக் என்ற அப்பா, மகன் டாக்டர்கள் இருவரும் தோலைத் தசை மேலிருக்கும் சவ்வோடு வரிசை வரிசையாகத் தைத்து இடைவெளியே இல்லாமல் செய்யும் முறையை எழுதினார்கள், மெத்தையில் பஞ்சு நகராமல் தைப்பது போல. குழாய் இல்லாமல் முடிக்க அதனால் முடிகிறது, இழுவையும் கடைசித் தையலுக்கு வருவதற்குள் பாதி வழியிலேயே பங்காகிவிடுகிறது. உங்கள் மனைவிக்கு அது செய்தார்களா என்று இப்போது கேட்டுப் பயனில்லை. நாளையே ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போங்கள், ஊசியால் உறிஞ்சி எடுத்துவிடுவார். நீங்கள் அமுக்கிப் பார்க்காதீர்கள்.

நடுவில் பிரிவது ஏன் என்றால் இழுவை அதிகமும் ரத்த ஓட்டம் குறைவும் அங்கேதான். அரிசி அளவு என்றால் டிரெஸ்ஸிங்கிலேயே ஆறும். ஆனால் காய்ச்சல், பரவும் சிவப்பு, நாற்றம், தோல் கறுப்பது இதில் எது வந்தாலும் அன்றே போக வேண்டும். கெண்டைக்காலில் வலி, மூச்சு வாங்குவது என்றால் உடனே 108. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கட்டும், இன்னும் சில நாள் கூனித்தான் நடக்கட்டும், குடம் தூக்குவது ஆறு வாரத்துக்குக் கிடையாது. வீட்டில் யாராவது பீடி பிடித்தால் வெளியே போய்ப் பிடியுங்கள், அந்தப் புகை அவர் தையலுக்கு ஆகாது.

கேள்வி: தழும்புக்கு மஞ்சள் பத்து போடலாமா? (வாசகி, அரூர்)

பதில்: திறந்த புண்ணில் வேண்டாம். முழுசாக மூடிய பிறகு சிலிக்கான் பட்டை அல்லது ஜெல், பட்டை என்றால் நாளுக்கு 12 மணி நேரமாவது, இரண்டு மூன்று மாதம். முதல் சில மாதம் சிவந்து தடித்துத்தான் இருக்கும், மங்குவதற்கு ஒன்று ஒன்றரை வருடம் ஆகும். காது குத்திய இடத்திலோ அம்மை ஊசி போட்ட இடத்திலோ தழும்பு வளர்ந்திருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம் பாவாடை நாடா. புதிதாக வைத்துத் தைத்த தொப்புளுக்கு நேராக அது இறுகினால் உரசி உரசி ஈரம் கட்டும். டாக்டர் கொடுத்த பெல்ட்டோடு ஒன்றரை மாதத்துக்கு நைட்டியே போதும்.