ஒரே வாசல், தனி அடுப்பு

அன்புள்ள அக்கா,
டொராண்டோவில் இருக்கும் மகள் ஒரு தேனீயின் படம் அனுப்பினாள். தலையும் மார்பும் மரகதப் பச்சை, வயிற்றில் கறுப்பு வெள்ளைப் பட்டை. வியர்வைத் தேனீயாம். இங்கே என் கத்திரிச்செடி பூக்கிறது, காய்ப்பதில்லை. இதை இந்த ஊருக்கு வரவழைக்க முடியுமா? இல்லை, தேன்பெட்டி ஒன்று வாங்கி வைக்கட்டுமா?
வாசகி, சாட்ஸ்வர்த், தென்னாப்பிரிக்கா

தங்கச்சி,
அது பெண் தேனீ. ஆணுக்குப் பட்டை மஞ்சள். அறிவியலில் அகாபோஸ்டெமான் விரெசென்ஸ் என்பார்கள். 2018இல் டொராண்டோ தன் நகரத்துத் தேனீயாக அறிவித்தது இதைத்தான்.

வரவழைக்கிற பேச்சை விடு. 1990இல் கேப் பக்கத்துத் தேனீயை இதே நாட்டுக்குள் வடக்கே கொண்டுபோனார்கள். அது அங்கிருந்த கூடுகளுக்குள் புகுந்து முட்டையிட்டே ஆயிரக்கணக்கான கூடுகளை நாசமாக்கியது. போதாதா?

தேன்பெட்டியும் வேண்டாம். கத்திரிப்பூவின் மகரந்தம் குழாய்க்குள் இருக்கிறது. நுனியில் சின்ன ஓட்டை, உப்புப் புட்டி மாதிரி. பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைத்தால்தான் நன்றாகக் கொட்டும். அந்த வித்தை தேன்பெட்டித் தேனீக்குத் தெரியாது. வியர்வைத் தேனீக்களில் பலவற்றுக்குத் தெரியும். பச்சையாய் மின்னுகிறவை நம் நாட்டிலும் உண்டு, நீ குனிந்து பார்த்ததில்லை.

அவை எங்கே குடியிருக்கும்? மண்ணில். அந்த டொராண்டோத் தேனீயின் கதையைக் கேள்: பல பெண்கள் ஒரே துளை வழியாகப் போய்வரும். உள்ளே ராணி கிடையாது, அவளவள் பிள்ளைக்கு அவளவள்தான் சோறு சேர்க்கவேண்டும். ஒரே வாசல், தனித்தனி அடுப்பு. நம் பழைய வீடுகளேதான்! அதற்கு வேண்டியது கொஞ்சம் வெறும் மண். நீயோ முற்றம் முழுக்க சிமெண்ட் பூசியிருப்பாய். பூசாத இடத்தில் புல். புல்லும் இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு. எனக்குத் தெரியாதா உங்களை!

டொங்காட் ஊரில் எங்கள் ஆயா கத்திரி போட்டாள். பாத்திகளுக்கு நடுவே மிதிபட்டு இறுகிய பாதை, அதில் பொடிப்பொடியாய்த் துளைகள். எறும்புப் புற்று என்று நினைத்து நான் தண்ணீர் ஊற்றுவேன். ஆயாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் ஒன்றும் தேனீ வளர்க்கவில்லை, சிமெண்டுக்குக் காசில்லை, அவ்வளவுதான். காசு வந்தபின் கார் நிறுத்த அந்தப் பாதையைப் பூசியது நான். அப்புறம் கத்திரிப்பூ உதிர்ந்தபோது வெயிலைத் திட்டினேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் கடப்பாரையால் ஒரு மூலையை உடைத்துவிட்டேன். காலையில் காப்பியோடு போய்ப் பார்க்கிறேன். இன்னும் ஒரு துளைகூட விழவில்லை.