உறவின்போது வலி என்றால் பிசியோதெரபிக்கு ஏன் போகவேண்டும்?

மஸ்கெலியாப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "கல்யாணமாகி எட்டு மாசம். இன்னும் முழுசா சேர முடியல. எரியுது, இறுகிப்போகுது. டொக்டர் பிசியோதெரபிக்குக் கடிதம் கொடுத்திருக்கார். முழங்கால் வலிக்காரங்க போற இடத்துல எனக்கு என்ன வேலை?"

போங்கள் தங்கச்சி. அந்தக் கடிதத்தை மடித்து அலுமாரியில் வைத்துவிடாதீர்கள்.

நான் டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். மூன்று வருசம் இதை யாரிடமும் சொல்லவில்லை. கடைசியில் ஒரு கிளினிக்கில் வாய் திறந்தபோது, "பிள்ளை பிறந்தா சரியாகிடும்" என்று அனுப்பிவிட்டார்கள். சேரவே முடியாதவளுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும் என்று கேட்க அன்று எனக்கு நா எழவில்லை. அந்த ஒரு பதிலால் இன்னும் ஒரு வருசம் வீணாய்ப் போனது.

முன்பக்க இடுப்பெலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரைக்கும் தூளி கட்டினமாதிரி ஒரு தசை இருக்கிறது. மூத்திரப்பை, கருப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் கீழிருந்து தாங்குவது அதுதான். யோனி அதற்கு நடுவால் வருகிறது. கண்ணுக்கு நேரே கை வந்தால் இமை தானாக மூடுகிறதல்லவா? அதேபோல, வலிக்கும் என்று உடம்பு ஒருமுறை பயந்துவிட்டால் இந்தத் தசையும் நம்மைக் கேட்காமல் இறுகிவிடும். இறுகினால் வலி, வலித்தால் அடுத்தமுறை இன்னும் இறுக்கம். புருசன்மேல் பாசமில்லை, இவளுக்கு ஆசையில்லை என்று ஊர் சொல்வதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முழங்கால் தசையைப் பழக்குகிறவர்களே இந்தத் தசையையும் பழக்குகிறார்கள்.

கண்டியில் என்னைப் பார்த்த பிசியோதெரபி மிஸ் முதல் நாள் என்னைத் தொடவே இல்லை. பகலில் எத்தனை தரம் மூத்திரம் போவேன் என்று கேட்டார். காலையில் கொழுந்தெடுக்க மலை ஏறினால் பகல் சாப்பாட்டுக்கு இறங்கும்வரை அடக்கிக்கொள்வேன் என்றேன். மலையில் கக்கூஸ் எங்கே இருக்கிறது? அதற்காகத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன். பிறகு, எங்கே படுக்கிறேன் என்று கேட்டார். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயத்துக் காம்பரா. தட்டிக்கு அந்தப்பக்கம் மாமியும் கொழுந்தனும். சத்தம் கேட்டுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பேன் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என் கையை எடுத்து என் வயிற்றில் வைத்தார். மூச்சு உள்ளே போய் வயிறு மேலே எழும்போது கீழ்த்தசையும் தளர்ந்து இறங்கும், மூச்சை அடக்கினால் அதுவும் சேர்ந்து இறுகும் என்றார். நாள் முழுக்க மூத்திரத்தை அடக்கி, ராத்திரியில் மூச்சையும் அடக்கி, அந்தத் தசைக்கு நான் ஓய்வே கொடுத்ததில்லை.

மூன்றாவது தடவைதான், என்னிடம் கேட்டுவிட்டு, இடுப்புக்கு மேல் துணி போர்த்தி, கையுறை போட்ட ஒரு விரலால் பார்த்தார். "ரிதெனவா நம் கியன்ன" என்றார் சிங்களத்தில், வலித்தால் சொல்லுங்கள் என்று. நான் சொன்னேன். அந்த நொடியே கை நின்றது. நிறுத்தச் சொன்னால் நிற்கும் என்பதை என் உடம்பு அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது.

பிறகு வீட்டில் செய்ய மூச்சுப் பயிற்சி, முழங்காலை நெஞ்சுக்கு இழுத்துத் தளர்த்துவது. அதற்கப்புறம் டைலேட்டர், அதாவது தசையைத் தளரப் பழக்க யோனிக்குள் மெதுவாக வைக்கும், அளவு அளவாக வரும் வழவழப்பான குச்சி, முதலாவது சுண்டுவிரல் பருமன்தான். தண்ணீரில் கரையும் ஜெல் பூசி, வலியில்லாமல் போகும் என்று ஆனபிறகே அடுத்த அளவு. ஒருநாள் வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, தான் சொல்லும்வரை உள்ளே செலுத்த முயற்சிக்கவே வேண்டாம் என்றார் மிஸ். அவர் தலையாட்டினார், சொன்னபடியே இருந்தார். எனக்கு ஐந்து மாதம் எடுத்தது. உங்களுக்குக் கூடலாம், குறையலாம்.

யூடியூப் பார்த்து இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சியைத் தொடங்கிவிடாதீர்கள். 1948இல் ஆர்னல்ட் கீகல் என்ற அமெரிக்க வைத்தியர் அதைச் சொன்னது, பிள்ளை பெற்றபின் தசை தளர்ந்து மூத்திரம் கசிகிற பெண்களுக்கு. ஏற்கெனவே இறுகிக் கிடப்பதை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். தேங்காயெண்ணெயும் கொண்டமும் ஒன்றாக வேண்டாம், எண்ணெய் பட்டால் ரப்பர் கிழியும்.

எல்லா வலியும் தசை வலி அல்ல. கிருமித் தொற்று, எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்சவ்வு போன்றது கருப்பைக்கு வெளியே வளரும் நோய்), பிரசவத் தையல் தழும்பு, பால் கொடுக்கும் காலத்திலும் மாதவிடாய் நின்றபின்னும் வரும் வறட்சி, இவையும் வலி தரும். உறவுக்குப் பின் இரத்தம் கண்டாலோ, நாற்றமுள்ள வெள்ளை, காய்ச்சல், ஆழத்தில் குத்தும் வலி இருந்தாலோ முதலில் பெண்நோய் டொக்டரிடம் காட்டுங்கள்.

உங்களுக்குக் கையில் கடிதம் இருக்கிறது. அது இல்லாத அக்கா தங்கைமார் தோட்டத்து மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொன்னால் கிளினிக்குக்கு வழிகாட்டுவார். வாய் வராவிட்டால் "உறவின்போது வலிக்குது" என்று ஒரு துண்டில் எழுதி நீட்டுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி இலவசம். ஆனால் எல்லாப் பிசியோதெரபிகாரரும் இந்தத் தசையைப் பார்ப்பதில்லை. போனதும் அதைக் கேளுங்கள், பெண் ஒருவர்தான் வேண்டும் என்றும் கேளுங்கள். சிங்களம் சரியாக வராதென்றால் மாமியை அழைத்துப் போகாமல், நீங்கள் நம்புகிற ஒரு சிநேகிதியை அழைத்துப் போங்கள்.

கிளினிக் நாள் வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. இன்று ராத்திரி கம்பளிக்குள் கையை வயிற்றில் வைத்து ஐந்து நிமிடம் மூச்சு விடுங்கள். நீங்களும் மலைக்குப் போகிறவராக இருந்தால், மூத்திரம் வரும்போது கங்காணியிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்வாருங்கள்.