எண்ணெயைக் குறைத்ததும் பொரியல் ருசியில்லாமல் போய்விட்டதா?

கேள்வி: என் கணவருக்கு ரத்த அழுத்தம். உப்பையும் எண்ணெயையும் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். குறைத்த நாளிலிருந்து நான் செய்யும் எந்தப் பொரியலையும் வாயில் வைக்க முடியவில்லை. பீன்ஸ் பழுப்பாகிவிடுகிறது, வெண்டைக்காய் கொழகொழக்கிறது, கோஸ் வாடை அடிக்கிறது. பிள்ளைகள் காயைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கிவிட்டு அப்பளம் கேட்கிறார்கள். தாளித்து, காயையும் உப்பையும் போட்டு, அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மூடி வைப்பதுதான் என் பழக்கம். அதில் எண்ணெயையும் உப்பையும் மட்டும்தான் குறைத்திருக்கிறேன். எண்ணெய் இல்லாமல் காய்க்கு ருசியே வராதா?

பதில்: வரும். எண்ணெய் குறைந்ததைவிட, அந்த அரை டம்ளர் தண்ணீரும் மூடியும்தான் வேலையைக் கெடுக்கின்றன. முன்பு நாலைந்து ஸ்பூன் எண்ணெய் ஊற்றியபோது, தண்ணீர் வற்றிய பிறகு காய் அந்த எண்ணெயில் கொஞ்ச நேரம் வதங்கியிருக்கும். அந்த மணத்தில் குறை தெரியாமல் போயிருக்கும். இப்போது எண்ணெய் போய்விட்டது, வேகவைத்த காய் மட்டும் மிச்சம்.

வாணலியில் தண்ணீர் நிற்கும் வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. பொரியலில் நாம் எதிர்பார்க்கும் லேசாக வறுபட்ட மணம் வருவதற்கு, காயின் மேல்பக்கம் காய்ந்து 140 டிகிரி பக்கம் போயாக வேண்டும். போதாததற்கு நம் காய்களில் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை. சுரை, புடலை, பீர்க்கை, சௌசௌ எல்லாம் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். பீன்ஸ், கோஸ், வெண்டைக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. இவ்வளவு தண்ணீர் உள்ளேயே இருக்கும்போது வெளியிலிருந்து எதற்கு அரை டம்ளர்? இதில் உப்பையும் முதலிலேயே போட்டால், அது காய்க்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துவிடும். மூடி வைத்தால் ஆவியும் திரும்பி உள்ளேயே விழும். இப்படித்தான் பொரியல் அவியலாகிவிடுகிறது.

பீன்ஸிலிருந்து தொடங்குவோம், அது பிடிபட்டால் அவரை, கொத்தவரை, கேரட் எல்லாம் தானாக வந்துவிடும். கால் கிலோ பீன்ஸை முதலில் கழுவி, நீர் வடிந்த பிறகு பொடியாக நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் வைட்டமின் சி தண்ணீரோடு போய்விடும். உங்கள் வீட்டில் இட்லிப் பானை இருக்கிறது அல்லவா? தட்டில் பரப்பி ஆவியில் ஆறேழு நிமிடம் வையுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. உடனே எடுத்து ஒரு பெரிய தட்டில் பரப்பி ஆறவிடுங்கள். குவித்து வைத்தால் அந்தச் சூட்டிலேயே மேலும் வெந்து நிறம் மங்கும். அப்புறம் அகலமான வாணலியில் காயைக் கொட்டி, தீயைக் கூட்டி, மூடாமல் இரண்டு மூன்று நிமிடம் புரட்டுங்கள். உப்பு அந்தக் கடைசி நிமிடத்தில் போட்டால் போதும். தாளிப்பு முடிவில்தான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

இட்லிப் பானையை ஏற்ற நேரமில்லாத நாளில், வாணலியிலேயே இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீர் தெளித்து வேகவிடலாம். முதல் இரண்டு நிமிடம் மட்டும் மூடாதீர்கள். காயில் இயல்பாக இருக்கும் அமிலம் சூட்டில் ஆவியாக வெளியேறப் பார்க்கும். மூடியிருந்தால் அது உள்ளேயே தங்கிப் பச்சை நிறத்தைக் கெடுத்துவிடும். பீன்ஸ் பழுப்பாவதற்கு இதுவும், அதிகமாக வேகவிடுவதும்தான் காரணம். நிறத்துக்காகச் சிலர் ஒரு சிட்டிகை சோடா உப்பு போடச் சொல்வார்கள். வேண்டாம். நிறம் நிற்கும், ஆனால் பி1, சி இரண்டு வைட்டமின்களும் அடிபடும், காயும் கூழாகும். தவிர அதில் இருப்பதும் சோடியம்தான். உங்கள் கணவருக்கு எதைக் குறைக்கச் சொன்னார்களோ அதையே வேறு டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டது போலாகும்.

கோஸ் வாடைக்கு அதில் உள்ள கந்தகம் காரணம். வேகும் நேரம் நீள நீள வாடையும் ஏறிக்கொண்டே போகும். மெல்லியதாக நறுக்கி, தண்ணீரே தெளிக்காமல், பெரிய தீயில் ஐந்து நிமிடத்துக்குள் இறக்கிவிடுங்கள். கொஞ்சம் கடிபட இருக்கட்டும். கோஸுக்கும் கீரைக்கும் உப்பு விஷயத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. வாணலி நிறையத் தெரிவதைப் பார்த்து அதற்கேற்ப உப்பு போட்டுவிடுவோம், சுருங்கியதும் உப்புக் கரிக்கும். சுருங்கிய பிறகு அளவைப் பார்த்துப் போட்டாலே உப்பு பாதியாகக் குறைந்துவிடும்.

வெண்டைக்காய்க்குத் தண்ணீர்தான் ஜென்ம விரோதி. கழுவித் துணியால் ஒற்றி, ஈரம் முழுக்கக் காய்ந்த பிறகே கத்தி வைக்க வேண்டும். வாணலியில் நெருக்கிப் போடாதீர்கள். கால் கிலோவுக்கு மேல் இருந்தால் இரண்டு தவணையாக வதக்குங்கள். மூடி கூடவே கூடாது. அடிக்கடி கிளறவும் வேண்டாம், கிளறக் கிளறக் காய் உடைந்து கொழகொழப்பு கூடும். முக்கால்வாசி வதங்கியதும் ஒரு ஸ்பூன் புளிக்கரைசலோ கெட்டித் தயிரோ சேர்த்தால் கொழகொழப்பு முறிந்துவிடும். இந்த ஒரு காயில் இரண்டு ஸ்பூன் எண்ணெய் கூடுதலாக விட்டாலும் நான் குறை சொல்லமாட்டேன்.

புளி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். புளியும் எலுமிச்சையும் காயை வேகவிடாமல் இறுக்கிப் பிடிக்கும். வேகாத காயில் புளியை ஊற்றிவிட்டு எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் விறைத்துக்கொண்டே இருக்கும். முக்கால் வேக்காடு ஆன பிறகுதான் புளிப்பு. பாகற்காய்க்கும் இதே முறைதான். மெல்லிய வில்லைகளாக்கி, உப்பில் பிசறிப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்து, உப்புப் போக ஒரு முறை அலசி, ஆவியில் வேகவைத்து, பிறகு கொஞ்சம் புளிக்கரைசலும் சுண்டைக்காய் அளவு வெல்லமும் சேர்த்துச் சுருள வதக்குங்கள். எண்ணெயில் பொரித்தால்தான் பாகற்காய் உள்ளே போகும் என்பவர்களும் இதைச் சாப்பிடுவார்கள்.

நீர்க்காய்களைப் பொரியலாக்க மல்லுக்கட்டாதீர்கள். சுரை, புடலை, சௌசௌ மூன்றும் கூட்டுக்கென்றே பிறந்தவை. பொரியலில் உப்பைக் கடைசியில் போடச் சொன்னேன், இங்கே அது தலைகீழ். நறுக்கிய காயில் உப்பைச் சேர்த்துச் சிறு தீயில் மூடி வைத்தால், தன் தண்ணீரிலேயே வெந்துவிடும், சொட்டுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். தனியாகக் குழைய வேகவைத்த இரண்டு மேசைக்கரண்டிப் பாசிப்பருப்பைச் சேர்த்து, அரை ஸ்பூன் மிளகு, அரை ஸ்பூன் சீரகம், ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் அரைத்து விட்டு ஒரே கொதியில் இறக்குங்கள். பருப்பின் கெட்டித்தன்மை நாக்கை ஏமாற்றிவிடும், எண்ணெய் குறைந்ததே தெரியாது. சுரைக்காயை வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காய் முழுவதையும் குப்பையில் போடுங்கள். குக்குர்பிட்டசின் என்ற நச்சுப் பொருள் அந்தக் கசப்பில் இருக்கிறது, சமைத்தாலும் போகாது. புடலைக்கும் பீர்க்கைக்கும் இதுவே பொருந்தும். பாகற்காயின் கசப்பு அதன் இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

சரி, எண்ணெய்க்கு வருவோம். சுத்தமாக நிறுத்திவிடாதீர்கள். கேரட், பூசணி, கீரையில் உள்ள பீட்டா கரோட்டின் கொஞ்சம் கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். நான்கு பேருக்கான பொரியலுக்கு இரண்டு டீஸ்பூன் போதும். அது 10 மில்லி, சுமார் 90 கலோரி, ஆளுக்குப் பிரித்தால் 25கூட வராது. எண்ணெய்த் தூக்கிலிருந்து நேராகச் சாய்க்கும் பழக்கத்தை விட்டுவிட்டு டீஸ்பூனால் அளந்து ஊற்றுங்கள். சாய்க்கும் கைக்குக் கணக்குத் தெரியாது.

ஆனால் இரண்டு டீஸ்பூனை அகல வாணலியில் ஊற்றினால் அது அடியில் பரவிக் காணாமல் போய்விடும். கடுகு பாதி வெடிக்காது, உளுத்தம்பருப்பு ஒரு பக்கம் கருகும். அதனால் சின்னத் தாளிப்புக் கரண்டியில் தாளியுங்கள். அதே எண்ணெய் அங்கே ஆழமாக நிற்கும். கடுகு முழுக்க வெடித்த பிறகு உளுத்தம்பருப்பு, அது பொன்னிறமாகும்போது கிள்ளிய வரமிளகாய், அடுப்பை அணைத்துவிட்டுப் பெருங்காயம், கடைசியாகக் கறிவேப்பிலை. கடுகின் மணமும் பெருங்காயத்தின் மணமும் எண்ணெயில்தான் இறங்கும், தண்ணீரில் இறங்காது. ஆவியில் வெந்த காய்க்கு இந்தத் தாளிப்பை முடிவில் கொட்டிப் புரட்டினால், முன்னாலேயே தாளித்து அதில் காயை வேகவிடுவதைவிட மணம் தூக்கலாக இருக்கும். எந்த எண்ணெய் என்று அடுத்து கேட்பீர்கள். பாகற்காய்க்கு நல்லெண்ணெய், பீன்ஸ் கோஸுக்குக் கடலை எண்ணெய் என்பது என் கட்சி. உங்கள் வீட்டில் எது பழக்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், அளவுதான் முக்கியம்.

உப்பு குறைந்த இடத்தை நிரப்ப ஒரு பொடி சொல்கிறேன். இரண்டு மேசைக்கரண்டித் தனியா, இரண்டு மேசைக்கரண்டிக் கடலைப்பருப்பு, ஒரு மேசைக்கரண்டி உளுத்தம்பருப்பு, ஆறு வரமிளகாய், சிறு துண்டுப் பெருங்காயம். எண்ணெய் விடாமல் தனித்தனியாக வாசம் வரும்வரை வறுத்து, ஆறியதும் ரவை பதத்துக்குப் பொடித்து வைத்துக்கொள்ளுங்கள். உப்பு சேர்க்காதீர்கள், தேங்காயும் வேண்டாம், சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். காய்ந்த பாட்டிலில் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். இறக்கும்போது இரண்டு டீஸ்பூன் தூவினால், மிச்சமிருக்கும் ஈரத்தையும் இது உறிஞ்சிக்கொள்ளும். கோவைக்காய், கத்தரிக்காய், வாழைக்காய்க்கு அருமையாகப் பொருந்தும். பீன்ஸுக்கும் கேரட்டுக்கும் பொடி வேண்டாம், அடுப்பை அணைத்தபின் சில சொட்டு எலுமிச்சை போதும். கீரையிலும் சில சொட்டு பிழியலாம், அதன் இரும்புச் சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும்.

தேங்காய்க்கு உள்ள பயம் கொஞ்சம் அதிகம் என்று நினைக்கிறேன். அரை மூடியைத் துருவிக் கொட்டினால் பிரச்சினைதான், அதில் நிறைவுற்ற கொழுப்பு நிறைய. நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி, அதுவும் அடுப்பை அணைத்த பிறகு மேலாகத் தூவினால், ஒவ்வொரு வாயிலும் தட்டுப்படும். முன்னாலேயே போட்டு வதக்கினால் அதே அளவு இருக்கிற இடம் தெரியாது. உப்பும் அப்படித்தான். காயின் மேலே இருக்கும் உப்பு நாக்குக்கு உடனே தெரியும், உள்ளே ஊறிய உப்பு அவ்வளவாகத் தெரியாது. கடைசியில் போடும் உப்பு குறைவாக இருந்தாலும் எடுபடுவது அதனால்தான். கால் கிலோ காய்க்குக் கால் டீஸ்பூனில் தொடங்கிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எல்லாமே சப்பென்றுதான் தோன்றும், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

பிள்ளைகளுக்கென்று தனி வித்தை எதுவும் தேவையில்லை. கூழாகாத, நிறம் மாறாத காயை வைத்தாலே பாதி பேர் சாப்பிடுவார்கள். அப்பளத்தைக் காய் பரிமாறிய பிறகு கொண்டுவாருங்கள்.

அந்த அப்பளம்தான் எனக்குக் கவலை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூனுக்கு உள்ளே. அப்பளத்தில் உப்பு போக அப்பளக்காரமும் உண்டு, அதுவும் சோடியம். ஊறுகாயைச் சொல்லவே வேண்டாம். பொரியலில் உப்பைப் பாதியாக்கிவிட்டுப் பக்கத்தில் இவை இரண்டையும் வைத்தால் கணக்கு நேராகாது. காய் அளவையும் கவனியுங்கள். அதே நிறுவனம் காயும் பழமுமாக நாளொன்றுக்கு 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது, அதில் உருளைக்கிழங்கு போன்ற மாவுக் கிழங்குகள் சேராது. இரண்டு கரண்டிப் பொரியலால் அந்த அளவு வராது, இரவுச் சாப்பாட்டிலும் ஒரு காய் இருக்கட்டும்.

கடைகளில் சோடியம் குறைந்த உப்பு என்று ஒன்று கிடைக்கிறது. அதில் சோடியத்துக்குப் பதிலாக ஒரு பங்கு பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆபத்தாகலாம். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. கணவர் சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்காமல் அதை வாங்கிவிடாதீர்கள்.