கர்ப்பமாக இருக்கும்போது டெங்கு வந்தால் பிள்ளையின் தலை சிறுத்துப் போகுமா?

தங்கச்சி, ஐந்தாம் மாதத்தில் டெங்கு என்று சொல்லிட்டாங்க, பயமா இருக்கு என்று எழுதியிருக்கிறீங்க. இந்தத் தலை சிறுக்கிற கதையை யாரோ சொந்தக்காரர்தான் உங்கட காதில் போட்டிருப்பாங்க. எனக்கு டெங்கு வந்தப்பவும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றே சொன்னாங்க, இன்னும் ஆறவில்லை.

தலையைச் சிறுக்க வைக்கிறது சிகா வைரஸ். 2015இல் பிரேசிலில் அப்படிப் பிள்ளைகள் பிறந்ததைத்தான் டீவியில் பார்த்தோம். அது நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையின் மூளைக்குப் போகும். அதே ஈடிஸ் நுளம்புதான் டெங்குவையும் பரப்புது, அதனால சனம் இரண்டையும் குழப்புது. டெங்குவால் பிள்ளைக்கு ஊனம் வரும் என்று உறுதியாகவில்லை. மாதம் முந்திப் பிறக்கிறது, எடை குறையிறது, தாய்க்கு இரத்தப்போக்கு, இவைதான் பயம். பிரசவத்தை ஒட்டி வந்தால் பிள்ளைக்கும் தொற்றலாம்.

எனக்கு வந்தது 2017 மார்ச்சில், கிண்ணியாவில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கிடந்த நேரம். நான் திருகோணமலை டவுன், எட்டாம் மாதம். வார்டில் நேர்ஸ் மிஸ் ஒரு அளவுக் கோப்பையைத் தந்து, குடிக்கிறதையும் போகிற சிறுநீரையும் மில்லிலீட்டரில் எழுத வைச்சா. காய்ச்சல் விட்டதும் வீட்ட போகலாம் என்றிருந்தேன். அப்பதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், அதுதான் கண்டம் என்றாங்க. அம்மா கொண்டுவந்த பீட்ரூட் கறியையும் திருப்பி விட்டாங்க, சத்தி எடுத்தா இரத்தமா கறியா என்று தெரியாதாம்.

மகள் எடை கொஞ்சம் குறைவாகப் பிறந்தா, இப்ப பள்ளிக்கூடம் போறா. ஒரு பிள்ளையை வைச்சு எல்லாருக்கும் சொல்லாதே என்று எழுத வருவீங்க. நான் டொக்டர் என்று சொல்லவில்லை. டெங்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லவில்லை. தாய் பிழைச்சாத்தான் பிள்ளை, அதனால் நீங்க இன்னும் வீட்டில் என்றால் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிளேட்லெட் குறையட்டும் என்று கர்ப்பிணி காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பனடோல் (பரசிட்டமோல்) மட்டும். புருஃபன், அஸ்பிரின், டைக்குளோபினாக் தொடவே வேண்டாம், இரத்தம் கசியும்.

இன்னொன்று. எங்கட பக்கத்து வளவு வெளிநாட்டில் இருப்பவங்களுடையது. கேட் பூட்டு, உள்ளே மூடியில்லாத சீமெந்துத் தொட்டி நிறையத் தண்ணி. நுளம்பு பெருகுற இடம் சோதிக்க வந்தவங்க எங்கட முற்றத்துச் சிரட்டைக்கு எச்சரிக்கை எழுதிட்டுப் போனாங்க, அந்தப் பூட்டைத் தொடவில்லை. காணியை விற்கவும் மாட்டாங்க, துப்புரவுக்கு ஒரு ஆளை வைக்கவும் மாட்டாங்க. இதை வாசிக்கிற வெளிநாட்டுச் சொந்தங்களே, ஊரில் இருக்கிற ஒருவரிடம் திறப்பைக் குடுத்து வையுங்க.