அமெரிக்காவில் காசில்லாதவனுக்கு அரசே வக்கீல் தருமா?

கேள்வி: ஹாலிவுட் படங்களில் கைது செய்யும்போது, "வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் அரசே நியமிக்கும்" என்கிறார்களே, நிஜமாகவே அப்படித்தானா?

நிஜம்தான். ஆனால் 1963 வரை பல மாநிலங்களில் அப்படிக் கிடையாது. அதை மாற்றியவர் கிளாரன்ஸ் ஏர்ல் கிடியன் என்ற, ஏற்கெனவே சில முறை ஜெயிலுக்குப் போய்வந்த ஏழை.

1961 ஜூன் மாதம் ஃப்ளோரிடாவில், பனாமா சிட்டி பக்கத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் கடையை உடைத்துச் சில்லறைக் காசும் பியரும் ஒயினும் திருடினார் என்று வழக்கு. வக்கீல் கேட்டார். மரண தண்டனை வழக்குக்குத்தான் தர முடியும் என்றார் நீதிபதி. "எனக்கு வக்கீல் உண்டென்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே" என்றார் கிடியன். வேடிக்கை என்னவென்றால், அன்றைய சட்டப்படி அவர் சொன்னது தப்பு! விசேஷக் காரணம் இல்லாவிட்டால் மாநிலங்கள் வக்கீல் தர வேண்டியதில்லை என்று 1942லேயே பெட்ஸ் என்பவரின் வழக்கில் அதே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருந்தது. தானே வாதாடித் தோற்றார். ஐந்து வருஷம் தண்டனை.

சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதி வாஷிங்டனில் இருக்கும் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அப்படி வருகிற மனுக்களில் மிகச் சிலவற்றைத்தான் எடுப்பார்கள், இதை எடுத்தார்கள். அவருக்காக வாதாட நீதிமன்றம் நியமித்தவர் ஏப் ஃபோர்டாஸ். வாஷிங்டனின் பெரும்புள்ளி, 1965ல் அதே நீதிமன்றத்தில் நீதிபதியும் ஆனார். 1963 மார்ச் 18ல் ஒன்பது நீதிபதிகளும் கிடியன் பக்கம். தீர்ப்பை எழுதியவர் ஹியூகோ பிளாக். பெட்ஸ் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை ஏற்காமல் மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் அவரேதான்.

இத்தோடு கிடியன் விடுதலை ஆகிவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. "நிரபராதி" என்று உச்ச நீதிமன்றம் சொல்லவில்லை. வழக்கு மறுபடி பனாமா சிட்டிக்கே போனது. அதே நீதிபதி, அதே முக்கிய சாட்சி. புதிதாக வந்தவர் ஃப்ரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல் மட்டும். (வெளியூரிலிருந்து வந்த வக்கீல்களைக் கிடியனே வேண்டாமென்றுவிட்டார்.)

விடிகாலையில் கிடியனைக் கடைக்குள் பார்த்தேன் என்றார் சாட்சி. அந்த நேரத்தில் உனக்கு அங்கே என்ன வேலை என்று டர்னர் துருவத் துருவ, சந்தேகம் சாட்சி பக்கமே திரும்பியது. அடுத்து டாக்ஸி டிரைவர். "என்னை ஏற்றிக்கொண்டு போனதை யாரிடமும் சொல்லாதே" என்று கிடியன் சொன்னாராம். கேட்டால் திருடன் பேச்சு மாதிரிதானே இருக்கிறது? இதற்கு முன்பும் அப்படிச் சொல்லியிருக்கிறாரா என்று கேட்டார் டர்னர். ஆமாம் என்றார் டிரைவர். வீட்டில் மனைவியோடு தகராறாம். ஜூரி ஒரு மணி நேரத்தில் விடுவித்துவிட்டது. அதற்குள் இரண்டு வருஷம் ஜெயிலில் போயிருந்தது.

ஒன்றைக் கவனியுங்கள்: இந்த உரிமை கிரிமினல் வழக்குக்கு மட்டும். அதிலும், ஜெயில் தண்டனை விதிக்காமல் அபராதத்தோடு விட்டால் வக்கீல் தரத் தேவையில்லை என்று 1979ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. நாடு கடத்தும் வழக்கு சிவில் கணக்கில் வருவதால் அங்கே வக்கீல் செலவு பொதுவாக நம்முடையதுதான். விசாவில் இருப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நான் வேகமாக வண்டி ஓட்டி மாட்டியபோதும் கோர்ட்டில் நானே நின்று, நானே வாதாடி, நானே தோற்று, அபராதம் கட்டிவிட்டுத்தான் வந்தேன்.