டிக்டேஷனில் இருபதுக்குப் பதினெட்டு, சொந்த வாக்கியத்தில் அதே பிழை

கேள்வி: உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஈராசிரியர் தொடக்கப்பள்ளியில் 3, 4, 5 வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். மொத்தம் 24 பிள்ளைகள். திங்கட்கிழமை 20 சொற்கள் கொடுத்து, ஒவ்வொன்றையும் பத்து முறை எழுதி வரச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை டிக்டேஷன். பாதிப் பேர் 18, 19 வாங்கிவிடுகிறார்கள். அடுத்த வாரம் சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் அதே சொற்களில் அதே பிழை. பாடத்தைக் கடகடவென்று வாசிக்கிறவர்கள் புதுப் பத்தியைக் கொடுத்தால் திணறுகிறார்கள். வாரத்தை எப்படிப் பிரித்து நடத்துவது?

பதில்: முதலில் உங்கள் வெள்ளிக்கிழமையைப் பார்ப்போம். ‘வாழ்க்கை’ என்ற சொல்லை டிக்டேஷனில் யாரும் பேசுகிற மாதிரி சொல்வதில்லை. ‘வாழ்... க்... கை’ என்று நிறுத்தி, ழகரத்துக்கு நாக்கை நன்றாக மடித்து, புள்ளி வைத்த ஒற்றெழுத்தை அழுத்திச் சொல்கிறோம். எழுத்தெழுத்தாக விடை காதில் வந்து விழுகிறது, பிள்ளை எழுதிவிடுகிறது. சொந்தமாக எழுதும்போது அதன் மனதில் ஒலிப்பது வீட்டிலும் தெருவிலும் கேட்ட ‘வாள்க்க’. அதை அப்படியே எழுதுகிறது. பிள்ளைக்குக் கவனம் இல்லை என்று திட்டுவது அநியாயம். காதில் கேட்டதை எழுத்தாக்கும் வேலையை அது ஒழுங்காகவே செய்திருக்கிறது.

அடுத்தது, பத்து முறை எழுதுவது. ஒரு பிள்ளை எழுதும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். ‘வா’ மட்டும் மேலிருந்து கீழே பத்து, அப்புறம் ‘ழ்’ பத்து, அப்புறம் ‘க்’ பத்து. சீக்கிரம் முடிக்க அதுதான் வழி என்று எல்லாப் பிள்ளைகளும் தாமாகவே கண்டுபிடித்துக்கொள்கிறார்கள். முழுச் சொல்லை மனம் ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை. இந்த வேலையை இந்த வாரத்தோடு நிறுத்திவிடலாம்.

இனி சொற்பட்டியல். இருபது சொல்லில் இருபது விதச் சிக்கல் இருந்தால் எதையும் கற்பிக்க முடியாது, சோதிக்கத்தான் முடியும். கடந்த இரண்டு வார நோட்டுகளை எடுத்து, பிழைகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒரு மணி நேர வேலை. ஒவ்வொரு குவியலுக்கும் மருந்து வேறு. காதால் திருத்தக்கூடியவை ஒன்று, விதி சொல்லித் திருத்தக்கூடியவை ஒன்று, கண்ணால் பார்த்துப் பழகினால் மட்டும் சரியாகிறவை ஒன்று.

காதால் திருத்தக்கூடியதில் முதலாவது குறில், நெடில். ‘கொடு’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘கோடு’. பிள்ளைக்கு ஒலி வேறுபாடு தெரியும், கைதான் தடுமாறுகிறது. கொம்பை மெய்யெழுத்துக்கு முன்னால் எழுதுகிறோம், அதன் ஒலியோ பின்னால் வருகிறது. ஆகவே பென்சில் தாளைத் தொடுவதற்கு முன்பே உயிர் ஒலியை முடிவு செய்தாக வேண்டும். குறிலுக்கு ஒரு விரல், நெடிலுக்கு இரண்டு விரல் காட்டிவிட்டு எழுதச் சொல்லுங்கள். கொடி-கோடி, எடு-ஏடு, தொடு-தோடு, வெட்டி-வேட்டி ஆகிய நான்கு ஜோடிகள் ஒரு வாரத்துக்குப் போதும். ஓலைச்சுவடிக் காலத்தில் எகர ஏகாரக் கொம்புகளுக்கு இன்றுள்ள வேறுபாடு கிடையாது. இரட்டைக்கொம்பு வந்தது 18ஆம் நூற்றாண்டில், மதுரை மிஷனில் ஊழியம் செய்த வீரமாமுனிவரால். அறிஞர்களே இப்படி ஒரு குறி வேண்டும் என்று உணர்ந்த இடத்தில் எட்டு வயதுப் பிள்ளை தடுமாறினால் பொறுத்துத்தான் போக வேண்டும்.

விதியால் திருந்துவது ந, ன, ண. மூன்று விதிகளில் பெரும்பகுதி அடங்கிவிடும். சொல்லின் தொடக்கத்தில் ந மட்டுமே வரும். ‘த’ வரிசைக்கு முன் ந், ‘ட’ வரிசைக்கு முன் ண், ‘ற’ வரிசைக்கு முன் ன். இதற்கு அட்டை அடிக்க வேண்டாம், பஸ் போர்டே போதும்: சோழவந்தான், வண்டியூர், திருப்பரங்குன்றம். சொல்லின் நடுவில் ந வந்தால் பெரும்பாலும் அங்கே இன்னொரு சொல் தொடங்குகிறது என்று பொருள். அலங்காநல்லூர், சமயநல்லூர், பழங்காநத்தம் என்ற பெயர்களைப் பிரித்துக் காட்டினால் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்துவிடும். மணம்-மனம் போன்றவை விதிக்குள் வராது. அவை மூன்றாவது குவியலுக்குப் போகட்டும்.

ஐந்தாம் வகுப்புக்கு இன்னும் ஒரு விதி சொல்லலாம். ட், ற் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு ஒற்று வராது. ‘முயற்ச்சி’, ‘கற்ப்பனை’ என்று எழுதுவது அதோடு நின்றுவிடும். ர், ழ் ஆகியவற்றுக்குப் பின் ஒற்று வரலாம்: பார்த்து, வாழ்க்கை.

மூன்றாவது குவியல் ழ-ள, ர-ற. நம் வட்டாரப் பேச்சில் ழ பெரும்பாலும் ளகரமாகவே ஒலிக்கிறது. சொல்லின் நடுவில் ர, ற இரண்டுக்கும் காதில் வித்தியாசமே இல்லை. அரை-அறை, கரை-கறை, பரவை-பறவை. ‘நல்லாக் காது கொடுத்துக் கேளு’ என்று இங்கே சொல்வதில் பயனில்லை, கேட்டாலும் ஒன்றாகத்தான் இருக்கும். ழகர உச்சரிப்பைப் பயிற்றுவிப்பது நல்லதுதான், ஆனால் எழுத்துப்பிழை குறைய அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பார்த்துப் பழக்க வேண்டும். அதனால் தவறான வடிவத்தைக் கரும்பலகையில் எழுதி ‘இது சரியா?’ என்று கேட்கும் பழக்கத்தை இந்தக் குவியலுக்கு அறவே விட்டுவிடுங்கள். பிழையான உருவமும் கண்ணில் தங்கிவிடும். சோழவந்தான், எழுமலை, விளாங்குடி, கள்ளிக்குடி, மேலூர், செல்லூர் என்று ஊர்ப்பெயர்களைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, ழ, ள, ல என்று மூன்று வரிசையாக அடுக்கச் சொல்லுங்கள். எழுமலை எந்த வரிசைக்குப் போகும், தல்லாகுளம் எங்கே போகும் என்று பிள்ளைகளே சண்டை போடுவார்கள். அந்தச் சண்டையில் சொல்லை நாலைந்து தடவை உற்றுப் பார்த்துவிடுவார்கள்.

பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளியைத் தனியாகக் கற்பிக்க வேண்டும். பெரும்பாலான வகுப்பறைகளில் விட்டுப்போவது இதுதான். கரும்பலகையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் ‘பேசுவது’, வலப்பக்கம் ‘எழுதுவது’ என்று தலைப்பிடுங்கள். நேத்து-நேற்று, காத்து-காற்று, வெத்தல-வெற்றிலை. படிச்சேன்-படித்தேன், அடிச்சான்-அடித்தான். தெரிஞ்சது-தெரிந்தது, ஒடஞ்சது-உடைந்தது. எல-இலை, வெறகு-விறகு, கொட-குடை, ஒலகம்-உலகம். கடைசி வரிசைக்கு ஒரு காரணம் உண்டு. அடுத்த எழுத்தில் அ அல்லது ஐ ஒலி இருந்தால், பேச்சில் முன்னே உள்ள இ எகரமாகவும், உ ஒகரமாகவும் இறங்கிவிடும். காரணம் உங்களுக்குத் தெரிந்தால் போதும், பிள்ளைகளுக்கு வரிசை போதும்.

இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. ‘த்து’ வந்தால் ‘ற்று’ என்று மட்டும் சொல்லிவிட்டால், அடுத்த நாள் ‘பற்று ரூபாய்’, ‘முற்று மாலை’ என்று எழுதி வருவார்கள். அதற்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுங்கள். ‘று’ என்று முடியும் சொந்தக்காரச் சொல் உண்டா? ஆறு-ஆற்றில், சோறு-சோற்றில், சேறு-சேற்றில். பத்துக்கும் முத்துக்கும் அப்படிச் சொந்தம் இல்லை, அவை த்து. காற்று, நேற்று, வெற்றிலைக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றைச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் இடப்பக்கத்தைத் ‘தப்பு’ என்று சொல்ல வேண்டாம். அது அவர்கள் அம்மா பேசும் தமிழ். இரண்டும் வேண்டும், இடம்தான் வேறு.

இனி வாரத் திட்டம். மூன்று வகுப்புக்கும் பிழை வகை ஒன்று, சொற்கள் வேறு என்று வைத்துக்கொண்டால் ஒரே பாடமாக நடத்தலாம். மூன்றாம் வகுப்புக்கு 6 சொல், நான்கு, ஐந்துக்கு 12. அந்தப் பன்னிரண்டில் 8 இந்த வாரத்து வகை, மீதி 4 மூன்று வாரத்துக்கு முன் பிழை வந்தவை. பழைய நாலைச் சேர்க்காவிட்டால் முன்பு போலவே வெள்ளியோடு எல்லாம் கரைந்துபோகும்.

திங்கட்கிழமை 20 நிமிடம். முன்னறிவிப்பு இல்லாமல், இயல்பான குரலில், ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முடித்த உடனே சரியான வடிவங்களைப் பலகையில் எழுதிவிடுங்கள். பிள்ளைகளே வண்ணப் பென்சிலால் ஒப்பிட்டு, பிழையான எழுத்தைச் சுற்றி வட்டமிட்டு, முழுச் சொல்லையும் பக்கத்தில் திருப்பி எழுத வேண்டும். மதிப்பெண் கிடையாது. திங்களன்றே சரியாக எழுதிய சொல்லை அந்தப் பிள்ளை மேற்கொண்டு பயில வேண்டியதில்லை. நன்றாக எழுதுகிறவருக்கு மூன்று சொல்தான் மிஞ்சும், திணறுகிறவருக்குப் பத்து மிஞ்சலாம். அப்படி மிஞ்சினால் ஆறாகக் குறைத்துக் கொடுங்கள்.

செவ்வாய், புதன், வியாழன் ஆகிய நாள்களில் பத்துப் பத்து நிமிடம். நோட்டுப் பக்கத்தை நாலு பத்தியாக மடிக்க வேண்டும். முதல் பத்தியில் சரியான சொல். அதைப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லி, கண்ணை மூடி நினைத்து, மடித்து மறைத்துவிட்டு இரண்டாம் பத்தியில் எழுத வேண்டும். பிறகு திறந்து எழுத்தெழுத்தாக ஒத்துப்பார்க்க வேண்டும். தவறினால் எழுத்தின் மேலேயே திருத்தக் கூடாது, சொல்லை அடித்துவிட்டு முழுதாக எழுத வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பத்திதான். ஆர்வக்கோளாறில் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடும் பிள்ளைகள் உண்டு, அதைத் தடுக்க வேண்டும். ஒரு இரவு இடைவெளி விட்டு நினைவுபடுத்திப் பார்ப்பதில்தான் சொல் நிலைக்கிறது.

வெள்ளிக்கிழமை தனிச்சொல் டிக்டேஷன் வேண்டாம், வாக்கியம் சொல்லுங்கள். ‘எங்கள் ஆட்டுக்குட்டி நேற்று ஆற்றில் இறங்கியது. சேற்றில் கால் மாட்டிக்கொண்டது. நான் கயிற்றைக் கட்டி இழுத்தேன்.’ ஒரு வாக்கியத்தை முழுதாக ஒரு தடவை சொல்லி, எல்லாரும் வாயால் திருப்பிச் சொன்ன பிறகு எழுதட்டும். கடைசியில் ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். நடுவில் சொல்லை உடைத்துச் சொல்லக் கூடாது. மூன்றாம் வகுப்பு முதல் வாக்கியத்தோடு நிற்கலாம், நான்கு இரண்டோடு, ஐந்து மூன்றோடு. முதல் இரண்டு வாரம் மதிப்பெண் சரியும். பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள்.

வாசிப்பு. கடகடவென்று வாசிக்கிறவர்கள் நிஜமாகவே வாசிக்கிறார்களா என்று பார்க்க இரண்டு வழி: பத்தியின் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொல்வது, அல்லது நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேட்பது. நீங்கள் சொல்ல, அவர்கள் கூட்டமாகத் திருப்பிச் சொல்லும் முறையில் காதுதான் வேலை செய்கிறது, கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. அதைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். உரைநடைக்கு, வாரம் இரண்டு நாள், 50 சொல்லுள்ள புதுப் பத்தி ஒன்று. ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கினால் பத்தி கடினம், எளிதாக்குங்கள்.

தமிழில் தடுக்கும் இடம் பெரும்பாலும் நீண்ட வினைச்சொல். ‘வந்துகொண்டிருந்தார்கள்’ என்பது கண்ணுக்கு ஒரு சொல், பிள்ளைக்கு ஒரு மதில். பலகையில் ‘வந்து - கொண்டு - இருந்தார்கள்’ என்று பிரித்து, பிறகு சேர்த்து வாசிக்க வையுங்கள். ஒரு நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஆங்கில அளவைத் தமிழுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை. அதே பத்தியை அதே பிள்ளை திங்களும் வியாழனும் வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று ஒப்பிட்டால் போதும்.

எழுத்துப் பயிற்சிக்கு வியாழன் அரை மணி. முதலில் வாயால் சொல்லட்டும், பக்கத்துப் பிள்ளையிடம், பேச்சுத் தமிழிலேயே. சொல்லாததை எழுத முடியாது. அப்புறம் நாலு வாக்கியம். திருத்தும்போது அந்த வாரத்துப் பிழை வகையை மட்டும் வட்டமிடுங்கள், பக்கம் முழுவதும் சிவப்பு மையில் நனைந்து வந்தால் பிள்ளை அடுத்த முறை தனக்குத் தெரிந்த சின்னச் சொற்களை மட்டுமே எழுதும். பிழை குறையும், எழுத்தும் செத்துப்போகும். புள்ளி விடுபடுவதைப் பிள்ளைகளே பார்த்துக்கொள்ளலாம். எழுதி முடித்ததும் பென்சிலைத் திருப்பிப் பிடித்துச் சொல் சொல்லாகத் தொட்டு வாசித்தால் பாதி அகப்படும்.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ சொல்லிக்கொடுத்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் ணை, லை, ளை, னை ஆகியவற்றைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் எழுதுவார்கள். பிள்ளை அப்படி எழுதி வந்தால் பிழை என்று அடிக்காமல் இன்றைய வடிவத்தைப் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு என்ற அடிப்படை நிலையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன சொற்பட்டியல் எதுவும் வேண்டாம். உயிர்மெய் பிடிபடாத பிள்ளைக்கு ழ-ள வேறுபாடு பாரம். தினம் பத்து நிமிடம், ஒரு மெய்யெழுத்து வரிசை, அதில் மூன்று குறிகள் மட்டும், அந்த எழுத்துகளால் ஆன நாலு சொல். ட, ப, ம வரிசைகளில் தொடங்கினால் படம், பாடம், பட்டம் என்று முதல் வாரத்திலேயே சொல் கிடைக்கும். கையில் உள்ள நோட்டைப் பார்த்து ஒழுங்காக எழுதும் பிள்ளை, கரும்பலகையைப் பார்த்து எழுதும்போது மட்டும் எழுத்துகளை மாற்றி எழுதினால் அதை எழுத்துப்பிழைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முன்வரிசையில் உட்காரவைத்து ஒரு வாரம் பாருங்கள். பிழை குறைந்தால் பார்வைக் கோளாறாக இருக்கலாம். பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் பெயரைக் கொடுத்து, பெற்றோரிடமும் அன்றே சொல்லிவிடுங்கள்.